இருட்டில் நம்மவன் யார்?

1525 பிப்ரவரி 23, இரவு. வட இத்தாலியில் பவீயா நகரை ஒட்டி மிராபெல்லோ என்றொரு வேட்டைத் தோட்டம். மிலானை ஆண்ட பிரபுக்கள் வேட்டையாடுவதற்காக மதில் எழுப்பி வளைத்துப் போட்ட காடு அது. மதிலுக்குள் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா பாளையம் இறங்கியிருந்தார். நான்கு மாதமாகப் பவீயாவை முற்றுகையிட்டுக்கொண்டு, பசி தாளாமல் ஊர் தானாகப் பணியும் என்று காத்திருந்தார். மதிலுக்கு வெளியே பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. ஸ்பானியர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று பல தேசத்து ஆட்கள். யாருக்கும் ஒழுங்காகச் சம்பளம் போகவில்லை. இன்னும் சில நாள் இப்படியே விட்டால் படை தானே கலைந்துவிடும் என்று தளபதிகளுக்குத் தெரியும். ஆகவே அந்த இரவே மதிலை உடைத்து உள்ளே புகுவதென்று முடிவானது.

வெடிமருந்து வைத்தால் சத்தம் கேட்கும். கடப்பாரையும் பிக்காசும் கொண்டு ஆட்கள் மதிலைப் பெயர்த்தார்கள். அந்தச் சத்தத்தை மறைக்க வேறு பக்கத்தில் பீரங்கிகள் முழங்கின. நினைத்ததைவிட மதில் உறுதியாக இருந்தது. ஓட்டை போட்டு முடிப்பதற்குள் இரவு ஏறக்குறைய கழிந்துவிட்டது. ஆனாலும் புகுந்தார்கள். பிப்ரவரி 24 காலை முடிவதற்குள் பிரெஞ்சுப் படை சிதறியது. மன்னர் பிரான்சுவா குதிரையிலிருந்து விழுந்து சிறைப்பட்டார். அன்றைக்குச் சார்லஸுக்கு 25 வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக ஒரு ராஜாவே கிடைத்தது போலாயிற்று.

இந்தக் கதையில் என் கண்ணில் பட்டது வேறொன்று. புறப்படும் முன் அந்தப் படைக்கு ஒரு கட்டளை போயிருந்தது: எல்லோரும் கவசத்துக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரியில் ஒளிந்து போய்த் தாக்கப் போகிறவன் கறுப்பாக அல்லவா உடுத்த வேண்டும்? திருடன்கூட அப்படித்தானே போவான்?

இந்த வழக்கம் பவீயாவோடு நிற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரவுத் திடீர்த் தாக்குதலுக்கே ‘சட்டை’யை வைத்துத்தான் பெயர். சட்டைக்கு ஸ்பானிய மொழியில் ‘கமிசா’. அதை மாட்டிக்கொண்டு செய்யும் தாக்குதல் ‘என்கமிசாதா’. பிரெஞ்சில் ‘கமிசாத்’. ஆங்கிலேயர் அதை வாங்கிக் ‘கமிசாடோ’ ஆக்கினார்கள். இன்றைக்கு அகராதியில் வழக்கொழிந்த சொல் என்ற குறிப்போடு கிடக்கிறது. 2005இல் ஓர் அமெரிக்க ராக் இசைக் குழு தன் பாட்டு ஒன்றுக்கு அதைத் தலைப்பாக வைத்தபோது இளைஞர்கள் சிலர் அகராதியைப் புரட்டியிருப்பார்கள். ‘கமிசா’ நமக்கும் அந்நியமில்லை. பழைய லத்தீனிலிருந்து அரபிக்குப் போய், அங்கிருந்து உருது வழியாக வந்ததுதான் சல்வாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கமீஸ்’ என்பார்கள். போர்த்துகீசியர் இலங்கையில் விட்டுச்சென்றது சிங்களத்தில் ‘கமிசய’ ஆகி, சட்டைக்கு இன்றும் அதுவே பெயர். சொல்லின் கதை இத்தோடு போதும். சட்டை ஏன் வெள்ளை என்பதுதான் விஷயம்.

பதில் நம் விழித்திரையில் இருக்கிறது. அங்கே ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். நிறம், நுணுக்கம், முகம் எல்லாம் அவற்றின் வேலை. குச்சிச் செல்கள் ஏறத்தாழ 10 கோடி. அவற்றுக்கு நிறம் தெரியாது, ஆனால் மங்கிய ஒளியில் விழித்திருப்பவை அவைதாம். நடுப்பகல் வெயிலில் ஒளியளவு சுமார் ஒரு லட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலவில் அது கால் லக்ஸைத் தாண்டுவதே அரிது. நிலவில்லாத நட்சத்திர வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் சரிவின் ஏதோ ஒரு படியில் கூம்புகள் கைவிரித்துவிடுகின்றன; பிறகு குச்சிகளின் ராஜ்யம்தான்.

குச்சிகளின் திறமை மலைக்க வைப்பது. 1942இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். முழு இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குள் எவ்வளவு குறைவான ஒளியைச் செலுத்தினால் ‘தெரிகிறது’ என்று ஆள் சொல்வார் என்பது கேள்வி. விழித்திரை உள்வாங்கும் ஒளித்துகள்கள் ஐந்திலிருந்து பதினான்கு வரை இருந்தாலே போதும் என்று கணக்கு வந்தது. அந்தத் துகள்கள் நூற்றுக்கணக்கான குச்சிகள் இருக்கும் பரப்பில் சிதறி விழுவதால், ஒரு குச்சிக்கு ஒரு துகளுக்கு மேல் கிடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதாவது ஒற்றை ஒளித்துகளுக்கே ஒரு செல் சிலிர்க்கிறது. இதைவிடக் கூர்மையான ஓர் ஒளிமானியை இயற்பியலே அனுமதிக்காது. ஒளியில் ஒன்றுக்குக் கீழே எண்ணிக்கை கிடையாது.

இந்தக் கூர்மைக்கு விலை உண்டு. பல குச்சிகள் தங்கள் செய்தியை ஒரே நரம்பில் கூட்டிக் கொடுக்கின்றன. கூட்டினால்தான் இந்தச் சிறு ஒளி மூளையை எட்டும். ஆனால் கூட்டிய பிறகு எந்தக் குச்சி சொன்னது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே பெரிய மங்கல் பரப்பு தெரியும், சிறிய குறி தெரியாது. பகலில் 60 மீட்டரில் படிக்க முடிகிற எழுத்தை இரவுக் கண் படிக்க வேண்டுமானால் சுமார் 6 மீட்டருக்கு வர வேண்டும். முகச்சாயல் எல்லாம் கரைந்து போய்விடும். போதாததற்கு, பார்வையின் நட்டநடுவில், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுக்கு, குச்சிகளே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. இருட்டில் ஒன்றை உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோவது அதனால்தான். மங்கிய நட்சத்திரத்தை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்க வேண்டும் என்று வானத்தைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பேய்க்கதைகளில் வரும் ‘ஓரக்கண்ணில் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் காணோம்’ என்பதில் பாதி இந்த இடத்தின் வேலை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது படைவீரனிடம் வருவோம். அவன் தன் கட்சியைக் காட்ட வழக்கமாக என்ன அணிந்திருப்பான்? பேரரசின் ஆட்களுக்குச் சிவப்புதான் அடையாளம்: சிவப்புச் சிலுவை, சிவப்புக் கச்சை. பகலில் கண்ணைப் பறிக்கிற நிறம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியலாளர் புர்கினே ஒன்றைக் கவனித்தார். விடியலுக்கு முன் தோட்டத்தில் நின்றால், பகலில் பளிச்சென்று இருக்கும் சிவப்புப் பூக்கள் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகின்றன. நீலமும் பச்சையும் அவற்றைவிட வெளிறித் தெரிகின்றன. குச்சிச் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி நீலப்பச்சைக்கு அருகிலுள்ள ஒளியை நன்றாக வாங்கும். சிவப்பைத் திரும்பியே பார்க்காது. ஆகவே சிவப்புக் கச்சை கட்டிய வீரன் இரவில் கறுப்புக் கச்சை கட்டியவன். மார்பில் தைத்த சிலுவையோ குச்சிகள் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது. நிறமும் வேண்டாம், வடிவமும் வேண்டாம். இடுப்பு முதல் கழுத்து வரை ஒரே வெளிறல் இருந்தால் போதும். அதுதான் சட்டை.

பளபளக்கும் எஃகுக் கவசமே போதாதா என்று கேட்கலாம். போதாது, அதன் காரணம்தான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது. மெருகேற்றிய உலோகம் ஒரு கண்ணாடி. தனக்கு எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். இரவில் அதற்கு எதிரில் இருப்பது இருண்ட வானமும் இருண்ட மரங்களும். ஆகவே கவசம் இருட்டையே திருப்பிக் காட்டும். எப்போதாவது நிலவின் ஒரு கீற்று குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் தெறித்தால் ஒரு மின்னல், அவ்வளவுதான். லினன் துணியில் நடப்பது வேறு. நாருக்கும் இடையில் உள்ள காற்றுக்கும் நடுவே ஒளி பலமுறை முட்டித் திரும்பி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. எங்கிருந்து ஒளி வந்தாலும், எங்கே நின்று பார்த்தாலும் அது ஒரே மாதிரி வெளிறித் தெரியும். விழும் ஒளியில் பெரும்பகுதியை வெள்ளைத் துணி திருப்பி அனுப்ப, புல்லும் மண்ணும் பத்திலொரு பங்கு அளவுக்கே அனுப்புகின்றன. நிலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விகிதம் மாறாது.

மழை பெய்தால் மட்டும் சங்கடம். நாரிடையே இருந்த காற்று போய்த் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறையும், சட்டை மங்கும். நனைந்த துணி காய்ந்த துணியைவிடக் கருமையாகத் தெரிவது இதனால்தான்.

வெள்ளை நம் கண்ணுக்குத் தெரியும் என்றால் எதிரியின் கண்ணுக்கும் தெரியுமே என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. தெரியும்தான். ஆனால் இரண்டு கண்களும் ஒரே நிலையில் இல்லை. ஒளிபட்டுச் சிதைந்த ரோடாப்சின் முழுக்க மீள அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாக்க வருகிறவன் இருட்டிலேயே நடந்து வந்தவன்; அவன் கண் முழுதாகப் பழகியிருக்கும். காவல்காரன் குளிருக்குத் தீ மூட்டி அதன் முன் உட்கார்ந்திருப்பவன்; தீயிலிருந்து தலையை நிமிர்த்தினால் அவனுக்குச் சில நிமிடம் எதிரில் எல்லாம் இருட்டாகவே இருக்கும். கூடாரத்தில் படுத்திருந்தவனுக்கோ கண்ணைவிட மனம் விழிக்க நேரமாகும். தாக்குகிறவனுக்கு ஒரே விதிதான்: வெள்ளையாக இல்லாதவன் எதிரி. தாக்கப்படுகிறவனுக்கு அப்படி விதி எதுவும் கிடையாது. வெள்ளையாக ஓடுகிறவன் எதிரியா, படுத்த சட்டையோடு எழுந்து ஓடும் தன் ஆளா? அந்தக் காலத்தில் பகலில் உள்ளே அணியும் சட்டைதான் பெரும்பாலோருக்குப் படுக்கையுடையும். அந்தக் குழப்பம் சில வேளை தாக்க வந்தவனையும் ஏமாற்றியிருக்கும்.

இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்பானியர் அல்ல. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் இது நடந்துவிட்டது. பாரசீகப் பேரரசர் செர்க்சிஸ் படையெடுத்து வருவதற்குச் சில ஆண்டுகள் முன் தெசாலியர் ஃபோகிஸ் நாட்டின் மேல் படையெடுத்தார்கள். ஃபோகியர் பர்னாசஸ் மலையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களோடு தெல்லியாஸ் என்றொரு குறிசொல்லி இருந்தார். தேர்ந்த 600 பேரை எடுத்து, உடம்பிலும் ஆயுதத்திலும் சுண்ணத்தைப் பூசி, வெள்ளையாக இல்லாத எவனையும் விடாதே என்று சொல்லி இரவில் அனுப்பினார். தெசாலியக் காவலர்கள் அவர்களைப் பார்த்தார்கள். மனிதர்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏதோ தெய்வக் குற்றம் என்று நினைத்துக் கலங்கினார்கள். பீதி படை முழுவதும் பரவியது. 4,000 பேர் இறந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து இதே கதையைச் சொன்ன பயண எழுத்தாளர் பௌசானியாஸ் ஆட்களை 500 ஆகக் குறைக்கிறார். ஆனால் அவர்கள் பௌர்ணமிக்காகக் காத்திருந்தார்கள் என்று ஒரு விவரத்தைச் சேர்க்கிறார். எண்ணிக்கையை நம்புவதா என்று தெரியாவிட்டாலும் பௌர்ணமியை நம்பலாம் போலிருக்கிறது. சுண்ணம் மின்னுவதற்குக் கொஞ்சமாவது ஒளி வேண்டுமே.

தெல்லியாஸ் செய்ததைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கிரேக்கத்திலேயே கதை இருக்கிறது. கி.மு. 413இல் ஏதென்ஸ் படை சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரை முற்றுகையிட்டிருந்தது. நகருக்கு மேலே எபிபொலே என்ற மேட்டுநிலம். தளபதி டெமோஸ்தனிஸ் அதை இரவில் பிடிக்கத் திட்டமிட்டார். முதலில் எல்லாம் கைகூடியது. காவல் கோட்டை ஒன்று விழுந்தது. ஏதென்ஸ் வீரர்கள் உற்சாகத்தில் வரிசை குலைந்து ஓடினார்கள். ஓரிடத்தில் எதிரிகள் நின்று திருப்பி அடிக்க, முன்னே போனவர்கள் பின்வாங்க, பின்னே வந்தவர்கள் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்க, எல்லாம் முட்டிக்கொண்டது. வானத்தில் நல்ல நிலவு. ஆனால் எதிரே ஓர் உருவம் இருக்கிறது என்பது தெரிந்ததே தவிர அது யார் என்று தெரியவில்லை என்கிறார் துசிடிடிஸ். குச்சிச் செல்களைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர், அவற்றால் முடிவதையும் முடியாததையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கண் கைவிட்டதும் காதை நம்பினார்கள். அடையாளச் சொல் ஒன்று இருந்தது. எதிரில் வருகிறவனிடமெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு, கத்திக் கத்தி, சிராக்யூஸ்காரர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எதிரி அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பினான். எதிரியின் சொல்லோ இவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒன்றாக நின்ற அவன் அதைக் கத்த வேண்டியிருக்கவில்லை. போதாக்குறைக்குப் போர்ப்பாட்டு. ஏதென்ஸுக்குத் துணையாக வந்த ஆர்கோஸ், கோர்சைரா வீரர்கள் டோரிய இனத்தவர்; சிராக்யூஸ்காரர்களும் டோரியர். இரு பக்கமும் ஒரே பாட்டு. சொந்தப் படை பாடிக்கொண்டு வர, ஏதென்ஸ் வீரர்கள் எதிரி பின்னால் வந்துவிட்டான் என்று நடுங்கித் திரும்பித் தாக்கினார்கள். கீழே இறங்கும் பாதை குறுகல். பலர் மேட்டிலிருந்து விழுந்து மாண்டார்கள். இரவுப் போரில் யாருக்கு எதுதான் தெளிவாகத் தெரியும் என்று துசிடிடிஸே கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறார்.

படையை அடையாளம் காணும் கவலை தமிழ் இலக்கணத்துக்கும் இருந்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில், சேர சோழ பாண்டியர் படைகள் பனை, ஆத்தி, வேம்பு ஆகியவற்றின் பூக்களைச் சூடுவதற்குக் காரணம் அழகு என்று சொல்லவில்லை. போரில் இன்ன வேந்தனுடைய படை என்று தெரிய வேண்டும் என்பதே அங்கே சொல்லப்படுகிறது. ஆனால் அவை பகல் போருக்கான பூக்கள். களவாக ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய வெட்சி நல்ல சிவப்பு. புர்கினே சொன்னபடி பார்த்தால் இருட்டில் அது தெரிந்தே இருக்காது. மாடு பிடிக்கப் போகிறவனுக்கு அது குறையா வசதியா என்பதை உரையாசிரியர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். சட்டை போட்டவர்கள் எல்லாம் வென்றுவிடவில்லை. 1544 செப்டம்பரில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி பிரான்சின் பூலோன் துறைமுகத்தைப் பிடித்தார். அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு இரவில் கீழ்நகருக்குள் புகுந்தார்கள். புகுந்ததும் அங்கே குவிந்திருந்த சரக்குகளைப் பார்த்துவிட்டார்கள். சண்டை மறந்து கொள்ளையில் இறங்கினார்கள்; மேல்நகரிலிருந்து ஆங்கிலேயர் இறங்கி வந்து அவர்களை விரட்டிவிட்டார்கள். சட்டை கண்ணுக்குத்தான் வைத்தியம், கைக்கு அல்ல.

இன்னொன்று 1572இல். நெதர்லாந்தில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த ஆரஞ்சு இளவரசர் வில்லியம், மோன்ஸ் நகரை மீட்கப் படையோடு வந்து அருகில் எர்மினி என்ற இடத்தில் தங்கியிருந்தார். செப்டம்பர் 11ஆம் தேதி இரவு ஸ்பானியத் தளபதி ஹூலியன் ரொமெரோ 600 துப்பாக்கி வீரர்களோடு, கவசத்துக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, பாளையத்துக்குள் நுழைந்தார். காவலர்கள் சத்தமின்றி வெட்டப்பட்டார்கள். கூடாரங்கள் விழுந்தன. இளவரசர் நல்ல தூக்கத்தில் இருந்தார். அவர் படுக்கையில் கிடந்த சின்ன நாய் ஒன்றுதான் குரைத்து, முகத்தைப் பிறாண்டி அவரை எழுப்பியது. சேணத்தோடு எப்போதும் தயாராக நின்ற குதிரையில் ஏறி அவர் தப்பினார். அந்த நாய் இல்லாவிட்டால் தான் செத்திருப்பேன், அல்லது பிடிபட்டிருப்பேன் என்று இளவரசர் பலமுறை சொன்னதாக ரோஜர் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் படைவீரர் எழுதிவைத்திருக்கிறார். டெல்ஃப்ட் நகரின் புதிய தேவாலயத்தில் உள்ள இளவரசரின் கல்லறையில் அவரது பளிங்குச் சிலையின் காலடியில் ஒரு நாயும் படுத்திருக்கிறது. கண்ணை ஏமாற்றவும் கண்ணுக்கு உதவவும் அத்தனை யோசித்தவர்கள், மூக்கையும் காதையும் மறந்துபோனார்கள்.

அந்த இரவின் முடிவும் ஒளியால்தான் வந்தது. ஸ்பானியர் கூடாரங்களுக்குத் தீ வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் தங்களைத் தாக்கியவர்கள் இத்தனை சொற்பப் பேரா என்று வில்லியமின் படைக்குத் தெரிந்தது என்கிறார் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மோட்லி. சுதாரித்து ஒன்றுகூடுவதற்குள் ரொமெரோ ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்விட்டார்.

போர்க்களத்தில் சட்டையின் காலம் முடிந்த பிறகு அது விழாவுக்குள் போனது. ஸ்பெயினில் இரவில் வெள்ளை உடுத்தித் தீப்பந்தத்தோடு குதிரையில் ஊர்வலம் போவதற்கும் என்கமிசாதா என்றே பெயர் வந்தது. டான் குவிக்சாட் நாவலில், பிணத்தைச் சுமந்து இரவில் பந்தத்தோடு வரும் வெள்ளுடைக் கூட்டத்தைப் பேய்ப்படை என்று நினைத்து நாயகன் பாய்வான். 1605இல் அதைப் படித்தவர்களுக்குச் சட்டைத் தாக்குதல் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. எஸ்த்ரெமதூரா வட்டாரத்தில் தொர்ரெஹோன்சியோ என்ற ஊரில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 இரவு, வெள்ளைத் துணி போர்த்திய குதிரைவீரர்கள் மாதாவின் கொடியோடு இன்றும் வலம் வருகிறார்கள். பிரான்சின் செவென் மலைகளில் 1702இல் கிளர்ந்த சீர்திருத்தக் கிறிஸ்தவ விவசாயிகளுக்குக் ‘கமிசார்’ என்று பெயர் விழுந்ததும் சட்டையாலா, இரவுத் தாக்குதலாலா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

துணி போய்க் காகிதம் வந்தது. 1779 ஜூலையில் அமெரிக்க விடுதலைப் போரின்போது, ஹட்சன் ஆற்றங்கரையில் ஸ்டோனி பாயிண்ட் கோட்டையை அந்தோணி வெயின் நள்ளிரவில் தாக்கினார். அவருடைய ஆட்கள் தொப்பியில் வெள்ளைக் காகிதம் செருகியிருந்தார்கள். தவறிச் சுட்டுக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று பெரும்பாலோரின் துப்பாக்கியில் மருந்தே போடவில்லை, ஈட்டிமுனைதான். சுற்றுவட்டார நாய்களை முன்கூட்டியே கொன்றுவிட்டார்கள் என்றொரு செய்தியும் உண்டு. வில்லியமின் நாயைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு: ஆயுள். வெள்ளைச் சட்டை எல்லோரிடமும் இருக்கிறது. நாளைக்கும் இதே சட்டைதான் என்று தெரிந்தால் எதிரியும் போட்டுக்கொள்வான். ஆகவே அது கடைசி நேரத்தில் போட்டு, ஒரே இரவில் தீர்ந்துபோக வேண்டிய இரகசியம். இதை 20ஆம் நூற்றாண்டு அதிக உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1943 ஜூலை 11 இரவு சிசிலியின் மேல் அமெரிக்க வான்குடைப் படையை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் பறந்தன. கீழே இருந்த சொந்தக் கப்பல்களும் சொந்தப் பீரங்கிகளும் அவற்றை எதிரி என்று நினைத்துச் சுட்டன. 23 விமானங்கள் விழுந்தன. அடுத்த ஆண்டு நார்மண்டி கரையில் இறங்கியபோது நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என்று ஐந்து பட்டைகள் அடிக்கப்பட்டிருந்தன. எதிரி பார்த்து நகலெடுக்காமலிருக்க, 1944 ஜூன் முதல் வாரத்தில், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்புதான் கையில் கிடைத்த தூரிகையாலும் துடைப்பத்தாலும் அவசர அவசரமாகப் பூசினார்கள். பவீயா தளபதிகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. உக்ரைன் போரின் தொடக்கத்திலும் இரு பக்க வீரர்களும் கையில் நிறநிறமாக ஒட்டுநாடா சுற்றியிருந்ததைப் படங்களில் பார்த்தோம்.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கர்களில் 35 பேர் சொந்தத் தரப்பின் குண்டுக்கே பலியானார்கள். வெப்பத்தைப் பார்க்கும் கருவியில் டாங்கி ஒரு வெளிச்சக் குமிழாகத்தான் தெரியும். யாருடைய டாங்கி என்று தெரியாது. பிறகு வாகனங்களில் ஒரு வகைத் தகடு பொருத்த ஆரம்பித்தார்கள். அதன் மேற்பரப்பு தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே வெளியிடும். அதற்குப் பதில், மேலே உள்ள குளிர்ந்த வானத்தை அப்படியே திருப்பிக் காட்டும். சூடான டாங்கியின் நடுவே கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தால் நம்முடையது. 16ஆம் நூற்றாண்டு இரவில் எஃகுக் கவசத்தைப் பயனற்றதாக்கிய அதே கண்ணாடித்தனம் இங்கே அடையாளமாகிவிட்டது.

விமானங்களுக்கு இன்று சட்டை வேண்டாம். தரையிலிருந்து ரேடியோவில் ஒரு கேள்வி போகும். விமானத்தில் உள்ள கருவி சங்கேதத்தில் பதில் சொல்லும். சங்கேதம் மாறிக்கொண்டே இருப்பதால் எபிபொலேயில் நடந்ததுபோல் எதிரி கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் தெல்லியாஸ் தன் ஆட்களுக்குச் சொன்ன விதியின் ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. சரியான பதில் வந்தால் நண்பன் என்று அறியலாம். பதில் வராவிட்டால்? எதிரியாக இருக்கலாம், கருவி பழுதான நண்பனாகவும் இருக்கலாம், எதுவும் அறியாத பயணிகள் விமானமாகவும் இருக்கலாம். எதிரி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கருவியை எந்த எதிரியும் பொருத்திக்கொண்டு வரப்போவதில்லை. 2003 மார்ச் 23 அன்று குவைத் எல்லைக்கருகே அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணை ஒன்று, ஈராக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை வீழ்த்தியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். தன்னை நோக்கி வரும் ஏவுகணை என்று பேட்ரியாட் அதை வகைப்படுத்தியிருந்தது. டொர்னாடோவின் அடையாளக் கருவி வேலை செய்யவில்லை என்று பிரிட்டிஷ் விசாரணையில் பின்னர் தெரியவந்தது.